வாத்தியம் யாருக்குச் சொந்தம்?

ஒரு வாத்தியம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குச் சட்டம் எளிதில் விடை கூறிவிடும். பணம் கொடுத்து வாங்கியவருக்குச் சொந்தம். அவர் விற்றால் வாங்கியவருக்குச் சொந்தம். அவர் இறந்தால் வாரிசுக்குச் சொந்தம். நிலத்துக்கும் நகைக்கும் வழங்கும் இந்த விடை, ஒலிப்பதற்கென்றே ஆக்கப்பட்ட ஒரு பொருளுக்கும் அப்படியே பொருந்துமா? சட்டத்தின் விடைதான் அறத்தின் விடையுமா? இவ்வினாவை அந்தரத்தில் நிறுத்தித் தத்துவ விசாரம் செய்வதிலும், களவுபோன இரண்டு பேஸ் கிற்றார்களின் கதையிலிருந்து தொடங்குவது பயனுடையதாகும்.

முதலாவது, பீற்றில்ஸ் குழுவைச் சேர்ந்த போல் மக்கார்ட்னி 1961இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் ஏறத்தாழ 30 பவுணுக்கு வாங்கிய ஹோப்னர் வாத்தியம். அக்குழுவின் தொடக்ககால இசைத்தட்டுக்களில் நாம் கேட்பது அதன் குரலையே. 1972 ஒக்டோபரில், இலண்டனில் நிறுத்தப்பட்டிருந்த வான் ஒன்றிலிருந்து அது திருடப்பட்டது. அரை நூற்றாண்டின் பின், பொதுமக்களின் துணையோடு நடந்த தேடுதலின் பயனாக, ஒரு வீட்டின் பரணில் கிடந்த அவ்வாத்தியம் உரியவரிடம் திரும்பிச் சேர்ந்த செய்தி 2024 பெப்ரவரியில் வெளியாயிற்று. பழுதுபார்க்கப்பட்டு, அதே ஆண்டு டிசெம்பரில் இலண்டன் மேடையொன்றிலே அது மீண்டும் ஒலித்தது.

இரண்டாவது, அமெரிக்காவின் டெட்ரோயிற் நகரத்து ஜேம்ஸ் ஜேமர்சன் என்ற கறுப்பினக் கலைஞரிடமிருந்த, 1962ஆம் ஆண்டின் பென்டர் 'பிரிசிஷன்' பேஸ் கிற்றார். மோட்டவுன் என்ற இசைத்தட்டுக் கம்பனியின் எண்ணற்ற பாடல்களுக்கு அடித்தளமிட்டது அதுவே. 1983 ஆகஸ்ட் 2ஆம் நாள் ஜேமர்சன் தமது 47ஆம் வயதில் காலமானார். அதற்குச் சில நாள்களுக்கு முன்னரே அவருடைய இல்லத்திலிருந்து அவ்வாத்தியம் களவாடப்பட்டுவிட்டது. அது கண்டுபிடிக்கப்படவில்லை.

இவ்விரு களவுகளும் சட்டத்தின் முன் ஒரே குற்றமே. ஆனால், அறத்தின் தராசில் அவை ஒரே நிறையுடையனவா? மக்கார்ட்னியிடம் வேறு வாத்தியங்கள் இருந்தன. அவற்றைக் கொண்டு அவர் தொடர்ந்து இசைத்தார். ஜேமர்சனிடமிருந்து பறிக்கப்பட்டதோ, அவர் பல்லாண்டுகள் உழைத்த முதன்மைக் கருவி. அப்படியாயின், உடைமை என்பது எவரிடம் எத்தனை பொருள் இருக்கின்றது என்பதை மட்டும் குறிக்கும் சொல் அன்று. பொருளுக்கும் மனிதனுக்கும் இடையே உள்ள உறவு எத்தகையது என்பதையும் அது குறித்தல் வேண்டும். அந்த உறவையே நாம் ஆராய வேண்டியிருக்கின்றது.

பேஸ் கிற்றார் பிறந்த வரலாற்றைச் சற்று நோக்குவோம். நடனக் குழுக்களிலே தாழ்ந்த சுரங்களை இசைத்து வந்தவர்கள், ஆளுயரத்துக்கும் மேற்பட்ட டபிள் பேஸ் என்ற மர வாத்தியத்தைச் சுமந்து திரிந்தார்கள். ஊருக்கு ஊர் அதைக் கொண்டு செல்வதே பெரும்பாடு. கொண்டு சென்றபின்னும், மேளத்தின் முழக்கத்துக்கும் மின்கிற்றாரின் ஒலிக்கும் இடையே அதன் குரல் அமுங்கிப் போயிற்று. கலிபோர்னியாவின் புல்லேர்ட்டன் நகரிலே றேடியோ திருத்தும் கடை நடத்தி வந்த லியோ பென்டர் இக்குறையைக் கண்டார். கிற்றார் வாசிக்கவே தெரியாத அம்மனிதர், 1951இல், தோளில் மாட்டிக்கொள்ளக்கூடிய நான்கு தந்தி மின்வாத்தியமொன்றைச் சந்தைக்குக் கொண்டு வந்தார். வீணையில் உள்ளவை போன்ற மெட்டுகள் அதன் கழுத்தில் பதிக்கப்பட்டிருந்தமையால் சுரம் பிசகாது நின்றது. 'துல்லியம்' என்று பொருள்படும் பிரிசிஷன் என்ற பெயர் அதற்கு அமைந்ததும் இதனாலேயே. மறு ஆண்டில் அதற்கென 'பேஸ்மன்' என்ற அம்பிளிபயரும் வெளிவந்தது.

அவ்வாத்தியத்தின் அமைப்பையே பாருங்கள். அதன் கழுத்து உடலோடு ஒட்டப்படவில்லை, திருகாணிகளால் பூட்டப்பட்டது. தொழிற்சாலையில் விரைந்து செய்வதற்கு மட்டுமன்றி, பழுதுபட்டால் எளிதில் கழற்றி மாற்றுவதற்கும் அது வாய்ப்பாயிற்று. நாள்தோறும் உழைக்கும் இசைஞன் தூக்கிச் செல்லவும், தேய்க்கவும், திருத்தவும், மீண்டும் உழைக்கவும் ஏற்ற கருவியாக அது பிறந்தது. மண்வெட்டியையும் தையல் இயந்திரத்தையும் போல, பயன்பாடே அதன் பிறப்புரிமை.

இக்கருவியைச் செய்தவர்கள் யார்? புல்லேர்ட்டன் தொழிற்சாலையிலே 1950களில் கிற்றார்க் கழுத்துகளைச் செதுக்கியவர்களுள் ரடேயோ கோமெஸ் என்ற தொழிலாளி ஒருவர். செய்து முடித்த கழுத்தின் அடிப்பாகத்திலே, தம் பெயரின் முதலெழுத்துகளையும் தேதியையும் பென்சிலால் எழுதி வைப்பது அவர் வழக்கம். திருகாணிகளைக் கழற்றினாலன்றி அவ்வெழுத்துகள் கண்ணிற் படா. 1956இல் அங்கு வேலைக்குச் சேர்ந்த அபிகேல் இபாரா என்ற பெண்மணியோ, தந்தியின் அதிர்வை மின்னோட்டமாக மாற்றும் காந்தச் சுருள்களுக்கு மயிரிழை போன்ற செப்புக் கம்பியைச் சுற்றும் பணியில் 2013வரை ஈடுபட்டிருந்தார். ஒரு மனிதப் பிறவியின் உழைக்கும் காலம் முழுவதும் அக்கம்பிகளிலே சுற்றப்பட்டிருக்கின்றது என்று கூறின் அது மிகையன்று.

இன்று பழைய வாத்தியங்களைத் தேடித் திரியும் சேகரிப்பாளர்கள், திருகாணிகளைக் கழற்றி அந்தப் பென்சில் எழுத்துகளைத் தேடுகின்றனர். அவை இருப்பின் விலை ஏறுகின்றது. விந்தை என்னவெனில், உழைத்தவனுடைய கையெழுத்து பண்டத்தின் விலையை உயர்த்துகின்றது. உயர்ந்த விலையிலிருந்து ஒரு சதமேனும் உழைத்தவனுக்குச் செல்வதில்லை. அவனுக்குரிய கூலி ஒருமுறை கணக்கிடப்பட்டு, அன்றே தீர்க்கப்பட்டுவிட்டது. அந்த வாத்தியத்தை இருபது ஆண்டுகள் இரவிரவாக வாசித்து, அதன் கழுத்தை வழவழப்பாக்கிய இசைஞனுக்கும் ஒன்றுமில்லை. வீட்டு வாடகை கொடுக்க முடியாத ஒரு மாதத்தில் அவன் அதைக் குறைந்த விலைக்கு விற்றிருப்பான். செய்தவனும் வாசித்தவனும் சேர்ந்து பண்டத்திலே ஏற்றிய பெருமையை, செய்யவும் வாசிக்கவும் அறியாத மூன்றாமவர் ஒருவர் அறுவடை செய்துகொள்கிறார்.

1965 ஜனவரியில் லியோ பென்டர் தமது கம்பனியை சி.பி.எஸ். என்ற பெருநிறுவனத்துக்கு 130 இலட்சம் டொலருக்கு விற்றார். அதற்கு முன் செய்யப்பட்டவையே சிறந்தவை என்ற எண்ணம் நாளடைவில் வலுத்தது. அதில் உண்மை ஒருபகுதி இருக்கலாம். எனினும், அவ்வெண்ணம் சந்தையின் கைக்குப் போனதும், ஒரு கருவியின் தரத்தைப் பற்றிய கருத்தாக இருந்தது, முதலீட்டைப் பற்றிய கணக்காக மாறிற்று. பயன்பெறுமதிக்காகப் பிறந்த பொருள் மாற்றுப்பெறுமதிக்காகப் பூட்டி வைக்கப்படலாயிற்று. நாலு பேர் நடனமாடத் தாளமிட வேண்டிய வாத்தியம், ஈரப்பதன் அளந்து பேணப்படும் அறையிலே, வெல்வெற்றுப் பெட்டிக்குள் விலையேற்றத்தை எதிர்பார்த்துக் கிடக்கின்றது. நாய் பெற்ற தெங்கம்பழம் என்ற முதுமொழி நினைவுக்கு வருகின்றதல்லவா? தானும் உண்ணாது; பிறர்க்கும் உதவாது.

இங்கே சேகரிப்பாளரின் பக்க நியாயத்தையும் கேட்பது கடமையாகும். "நாங்கள் இல்லாவிட்டால் இவற்றுட் பல குப்பைக்குப் போயிருக்கும். ஒருவன் வர்ணத்தைச் சுரண்டியிருப்பான். இன்னொருவன் சுருள்களைக் கழற்றி எறிந்திருப்பான். வரலாற்றை நாங்கள் காக்கிறோம்" என்பது அவர் வாதம். இதை முற்றாகத் தள்ளிவிட முடியாது. உழைக்கும் மக்களின் கைவண்ணம் அழியாமல் இருப்பதில் நமக்கும் அக்கறை உண்டு. அரும்பொருட்சாலையிலே மக்கள் பார்க்கவும், கைவினைஞர் அளந்து கற்கவும், எப்போதாவது ஒரு கலைஞர் எடுத்து ஒலிக்கவும் வைக்கப்படும் வாத்தியம் உறங்குவதில்லை. அதுவும் ஒருவகையில் வேலை செய்கின்றது. நம் கேள்வி காப்பதைப் பற்றியதன்று. எவருக்காகக் காப்பது என்பதே கேள்வி.

மேலும், பூட்டி வைத்தலும் பேணுதலும் ஒன்றல்ல என்பதை விஞ்ஞானமே நமக்கு உணர்த்துகின்றது. பேஸ் கிற்றாரின் நான்கு தந்திகளும் சேர்ந்து 150 இறாத்தலுக்கு மேற்பட்ட விசையோடு அதன் கழுத்தை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அவ்விழுவைக்கு எதிராகக் கழுத்தினுள்ளே உருக்குக் கம்பியொன்று பொருத்தப்பட்டுள்ளது. மரமோ காற்றின் ஈரத்தை உண்டு பருப்பதும், வறட்சியிற் சுருங்குவதுமாக இருக்கும். வாசிப்பவன் தினமும் கையில் எடுப்பதனால் கழுத்தின் வளைவு மாறுவதை உடனே உணர்ந்து திருத்துவான். பெட்டியிற் கிடப்பது வளைந்துகொண்டே போகும், அறிவார் இல்லை. அம்பிளிபயரின் நிலை இன்னும் தெளிவானது. அதனுள் இருக்கும் மின்பகு கொள்ளளவிகளிலே, அலுமினியத் தகட்டின்மேல் படிந்த மெல்லிய ஒட்சைட்டுப் படலம், மின்னழுத்தம் இடைக்கிடை ஏற்பட்டால்தான் செம்மையாக இருக்கும். ஆண்டுக்கணக்கில் மின்னூட்டாது வைத்துத் திடீரென முழு மின்னையும் செலுத்தினால் அது பழுதடையலாம். சில வேளைகளில் வெடிக்கவும் கூடும். ஆளிகளும் தொடுபுள்ளிகளும் களிம்பேறி இரைச்சலிடும். பயன்பாடு பொருளைத் தேய்க்கிறது என்பது உண்மை. பயன்படாமை அதை வேறுவகையில் அழிக்கிறது என்பதும் உண்மை.

வாங்குதல் பற்றியும் கூறுதல் வேண்டும். விளம்பரம் இளைஞனை நோக்கி, 'உன் இசையின் குறை உன்னிடம் இல்லை. உன் கருவியிடம் இருக்கிறது' என்று ஓயாது ஓதுகின்றது. அவன் இன்னொன்று வாங்குகிறான், குறை தீரவில்லை, மற்றொன்று வாங்குகிறான். அம்பிளிபயரின் வலுவை எடுத்துக்கொள்வோம். 1960இல் அம்பெக் கம்பனி வெளியிட்ட பி-15 என்ற அம்பிளிபயர் 25 வாற்று வலுவுடையது. மேற்பகுதியைத் தலைகீழாகத் திருப்பி ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளேயே அடக்கி எடுத்துச் செல்லலாம்; சிறு மண்டபங்களில் உழைப்போருக்கு அது வரப்பிரசாதம். அதே கம்பனி 1969இல், பெருந்திரளான மக்கள் முன் வாசிப்பதற்கென, 300 வாற்று வலுவுள்ள ஒன்றைச் செய்தது. பன்னிரு மடங்கு வலு. ஆயின் பன்னிரு மடங்கு உரப்பா? இல்லை. வலு இரட்டித்தால் ஒலி மட்டம் 3 டெசிபெல்தான் உயரும். செவிக்கு இருமடங்கு உரப்பாகத் தோன்றவே ஏறத்தாழப் பத்து மடங்கு வலு வேண்டும். ஏனைய யாவும் ஒத்திருப்பின், 25 வாற்றுக்கும் 300 வாற்றுக்கும் இடையிலுள்ள வேறுபாடு, கேட்பவரின் காதுக்கு இருமடங்கிலும் சற்றே கூடியதாகும். பெரிய மைதானத்துக்கு அது தேவை. பத்தடி அறையிலே வைத்திருப்பவருக்கு அது தேவையன்று, அந்தஸ்து.

இவ்வாறு கூறுவதால், வறிய இளைஞனுக்குத் துறவு போதிக்க முற்படுகிறோம் என்று எவரும் கருதற்க. பழைய கருவி ஒன்றோடு மல்லுக்கட்டுபவனைப் பார்த்து, 'ஆசையை அடக்கு' என்று உபதேசிப்பது அறமன்று. வயிறு நிறைந்தவனின் ஆணவம். வாரத்தில் நாலு இரவு மேடையேறுபவன், ஒன்று பழுதானால் மற்றொன்று வேண்டுமென்று இரண்டு வைத்திருத்தல் அவனுடைய தொழிலின் தேவை. ஆகவே எண்ணிக்கை அளவுகோல் அன்று. ஒரே வாத்தியத்தைப் பூட்டி வைத்திருப்பவன் பதுக்கல்காரனாதல் கூடும். ஐந்து வைத்து ஐந்தையும் ஒலிக்கச் செய்பவன் அவ்வாறு ஆகான்.

ஜேமர்சனிடம் மீண்டும் வருவோம். அவர் வலது கையின் ஒரேயொரு விரலால் தந்திகளை மீட்டினார். தந்தி அறுந்தாலன்றி மாற்றுவதில்லை. பழந்தந்தியின் மங்கிய நாதமே அவருக்கு உவப்பாயிருந்தது. மண்டபங்களிலே பி-15 அம்பிளிபயரைப் பயன்படுத்திய அவர், மோட்டவுன் பதிவுக்கூடத்திலோ பெரும்பாலும் அம்பிளிபயரே இல்லாமல், ஒலிப்பதிவு மேசையோடு வாத்தியத்தை நேரே இணைத்து வாசித்தார். உலகெங்கும் ஆயிரம் ஆயிரம் பேர் இலட்சக்கணக்கான பணம் கொட்டிப் பிடிக்க முனையும் அந்த நாதம், ஒரு வாத்தியம், ஒரு விரல், மாற்றப்படாத நான்கு தந்திகள் ஆகியவற்றிலிருந்து பிறந்தது.

கருவி அவருடையது, நாதமும் அவருடையது. நாதத்தின் பயன் எவருடையது? மோட்டவுனின் வரலாறு நேர்கோடானதன்று. நிறவெறி நிலவிய நாட்டிலே, முன்னர் மோட்டார் வண்டித் தொழிற்சாலையில் வேலை செய்த பெரி கோடி என்ற கறுப்பின இளைஞர், தம் குடும்பத்தாரின் கூட்டுச் சேமிப்பிலிருந்து 800 டொலர் கடன் பெற்று 1959இல் அதனைத் தொடங்கினார். அந்தத் துணிவை மறுத்தல் நியாயமன்று. எனினும், பாடல்களுக்கு உயிரூட்டிய வாத்தியக்காரர்கள் கூலி பெற்றனர். பாடல்களின் உரிமை அவர்களுக்கில்லை. 1971இல் மார்வின் கேயின் இசைத்தட்டு வெளிவரும்வரை அவர்களுடைய பெயர்கள்கூட உறைகளில் இடம்பெறவில்லை எனலாம். 1972இல் கம்பனி லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்குப் பெயர்ந்தது. ஜேமர்சனும் அங்கு சென்றார். பழைய வாழ்வு மீளவில்லை. மது அவரை அரித்தது. 1983இல் கம்பனியின் வெள்ளிவிழா கொண்டாடப்பட்டபோது, அவர் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்வையாளராக மேல்மாடத்தில் அமர்ந்திருந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். ஐந்து ஆண்டுகளின் பின் அக்கம்பனி 610 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று.

இதிலிருந்து நாம் பெறும் முடிவு யாது? 'உடைமையே பாவம், எல்லாவற்றையும் பொதுவாக்கு' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவது எளிது. ஆனால் ஜேமர்சனின் வாத்தியத்தைத் திருடியவனும் அவருடைய உடைமை உரிமையை மறுத்தவனே! உழைப்பவனுக்கும் அவன் கருவிக்கும் இடையேயுள்ள பிணைப்பு புனிதமானது. அதைக் காப்பதற்கு உரிமை என்ற வேலி வேண்டும். 1848இல் வெளிவந்த கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கையும், பொதுவாக உடைமையை ஒழிப்பதன்று, பிறர் உழைப்பைச் சுரண்டும் உடைமையை ஒழிப்பதே நோக்கம் என்று இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே காட்டியது. கருவியின் மீதான உரிமை, அதை வேலை செய்ய வைக்கும் கடமையிலிருந்து பிறக்கின்றது. அக்கடமையைக் கைவிட்டவனிடம் எஞ்சுவது பற்றுச்சீட்டு மாத்திரமே. பற்றுச்சீட்டுச் சட்டத்துக்குப் போதும்; அறத்துக்குப் போதாது.

அவ்வாறாயின், வாசிக்க இயலாத ஒருவரின் கையில் நல்ல வாத்தியம் இருந்தால் அவர் என்ன செய்தல் வேண்டும்? வாசிக்கத் தெரிந்தவருக்கு இரவல் கொடுக்கலாம். நியாய விலைக்கு விற்கலாம். பலர் எடுத்துப் பழகும் நிலையத்திடம் ஒப்படைக்கலாம். தேய்மானம் ஏற்படும் என்ற அச்சம் வேண்டாம். மெட்டுகள் தேய்ந்தால் மாற்றலாம். வால்வு அணைந்தால் வேறு போடலாம். ஓர் இளைஞனின் பதினாறாம் வயதைப் பின்னர் மாற்றிக் கொடுக்க எவராலும் ஆகாது.

இறுதியாக, ஆசிரியர்களாகவும் மாணவர்களாகவும் இருக்கும் வாசகர்கள் எண்ணிப் பார்க்க ஒரு செய்தி. 1936இல் தென் கரோலினாவிற் பிறந்த ஜேமர்சன், 1954இல் தாயாருடன் டெட்ரோயிற் வந்து, நோர்த்வெஸ்ரேர்ன் உயர்பாடசாலையிற் சேர்ந்தார். டபிள் பேஸை அவர் தொட்டுப் பழகத் தொடங்கியது அங்கேதான். கருவிகளுக்குச் சேதம் வரும், இருப்புப் புத்தகத்திற் கணக்குக் காட்ட வேண்டும் என்று அஞ்சி அப்பாடசாலையினர் தங்கள் இசைக்கூடத்தைப் பூட்டி வைத்திருந்தார்களாயின், அப்பதினெட்டு வயது இளைஞனின் விரல்கள் வேறெதைத் தேடியிருக்கும்?

கோடீசுவரரின் வெல்வெற்றுப் பெட்டியைக் கண்டிப்பது நமக்கு எளிது. அது தொலைவில் இருக்கின்றது. நமது பாடசாலை அலுமாரியிலே, ஆண்டுக்கு ஒருமுறை பரிசளிப்பு விழாவுக்கு மட்டும் வெளியே வரும் வயலினும் மிருதங்கமும் மிக அருகில் இருக்கின்றன. இருப்புப் புத்தகம் அவற்றைப் 'பத்திரமாக உள்ளன' என்று பதிவு செய்கின்றது. உண்மையில் அவை பத்திரமாக உள்ளனவா, வீணாகின்றனவா என்பதை அந்த அலுமாரியைத் திறந்து, ஒரு பிள்ளையின் கையிற் கொடுத்துப் பார்த்துத்தான் அறிய வேண்டும். திறப்பு நம்மிடமே இருக்கின்றது.